தாத்தாவின் ரயில் பெட்டியும் எட்டுக்கு நாலு பிளைவுட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் குறைத்து, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு தகரப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் தாத்தா, அதாவது அம்மாவோட அப்பா, ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1961-ல் பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். அடுத்த வருஷம் கப்பலில் திரும்பி வந்தபோது ஒரு பொம்மை ரயில் செட்டையும் கொண்டுவந்தார். பொம்மை என்று சொன்னால் பெரிய மாமாவுக்குக் கோபம் வரும். "மாடல் ரயில்னு சொல்லும்மா" என்பார்.

போன வருஷம் பெரம்பூர் வீட்டைக் காலி செய்தோம். பரணிலிருந்து அந்தப் பெட்டி இறங்கியது. அதோடு ஒரு சண்டையும் இறங்கியது.

பெரிய மாமா சொன்னது: "இதைச் சேர்த்து வைக்கிறவங்க நல்ல விலைக்கு வாங்குவாங்க. யாரும் கை வைக்காதீங்க." அம்மா சொன்னது: "எனக்கு அதை ஒரு தடவை ஓட்டணும்ண்ணா." அக்கா பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவளிடம் பிறந்தநாளுக்கு வாங்கின புது ரயில் ஒன்று இருக்கு. அவள் கேட்டது: "சித்தி, ரெண்டையும் ஒரே டிராக்ல விட்டா என்ன?"

இந்த மூணு பேருக்கும் சேர்த்து ஒரு லேஅவுட் போட முடியுமா என்பதுதான் இன்றைய கதை. ஆறு மாசம் ஆச்சு. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், நான் தலைகீழாகச் செய்ததை நீங்கள் நேராகச் செய்யலாம்.

முதலில் வரைபடம் போடாதீர்கள்

நான் செய்த முதல் தப்பு இதுதான். பெட்டி வந்த அன்றைக்கே லேப்டாப்பைத் திறந்து டிராக் வரைய உட்கார்ந்துவிட்டேன். மலை, சுரங்கம், பாலம், எல்லாம் வந்தாச்சு. ஆனால் பெட்டிக்குள் இருப்பது எதோடு சேரும், எதோடு சேராது என்றே எனக்குத் தெரியாது. பழைய சாமானை வைத்து லேஅவுட் போடும்போது சாமான்தான் விதிகளைச் சொல்லும். வீட்டில் இருக்கிற ஆட்கள்தான் அளவைச் சொல்வார்கள். வரைபடம் கடைசியில் தானாக வரும்.

சரி, பெட்டிக்குள் என்ன இருந்தது? ஹார்ன்பி டப்ளோ என்கிற பிரிட்டிஷ் செட். லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனி 1938-ல் கொண்டுவந்தது. ஒரு அடியை 4 மில்லிமீட்டராகச் சுருக்கிய அளவு, அதாவது நிஜ ரயிலில் 76-ல் ஒரு பங்கு. இரண்டு இன்ஜின்கள் இருந்தன. ஒன்று 'டச்சஸ் ஆஃப் மாண்ட்ரோஸ்' என்று பெயர் எழுதின பெரிய பச்சை எக்ஸ்பிரஸ் இன்ஜின், அதன் அட்டைப் பெட்டியோடு. இன்னொன்று கறுப்பு டேங்க் இன்ஜின். பெட்டி கிடையாது, பெயின்ட் பல இடத்தில் போயிருந்தது. கூடவே மூணு தகரக் கோச், சில கூட்ஸ் வேகன், வளைவும் நேருமாக ஒரு குவியல் தண்டவாளம், இரண்டு பாய்ண்ட், ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் இடத்தைத்தான் பாய்ண்ட் என்கிறோம். ரயில்வேக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

நடுவில் இன்னொரு தண்டவாளம்

பெட்டியிலிருந்த டிராக்கை உற்றுப் பார்த்தால் இரண்டு தண்டவாளம் இல்லை, மூணு இருக்கும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிஞ்சுது.

மின்சாரம் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேண்டும். இன்றைய மாடல் ரயிலில் இடது தண்டவாளம் ஒரு வழி, வலது தண்டவாளம் இன்னொரு வழி. அதனால் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒன்றையொன்று மின்சார ரீதியாகத் தொடக்கூடாது. நடுவில் பிளாஸ்டிக் மாதிரி ஏதாவது தடுப்பு இருக்கும்.

தாத்தாவின் ரயிலில் அப்படி இல்லை. மின்சாரம் நடுத் தண்டவாளம் வழியாக வருகிறது. இன்ஜினின் அடியில் இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு அதை உரசிக்கொண்டே போய் எடுத்துக்கொள்கிறது. திரும்பும் வழி, ஓரத்தில் இருக்கும் இரண்டு தண்டவாளமும். இரண்டும் ஒரே மின்முனை என்பதால் சக்கரத்துக்கு நடுவில் தடுப்பே தேவையில்லை.

அக்கா பொண்ணு கேட்ட கேள்விக்கு இப்போ வருவோம். ஓரத் தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் அகலம் இரண்டு ரயிலுக்கும் ஒன்றுதான், 16.5 மி.மீ. கையில் எடுத்து வைத்தால் அழகாக உட்காரும். ஆசை காட்டும் இடம் அதுதான். தாத்தாவின் இன்ஜினைப் புது டிராக்கில் வைத்தால், அதன் உலோகச் சக்கரமே இடதையும் வலதையும் இணைத்துவிடும். ஷார்ட் சர்க்யூட். அவளுடைய ரயிலைத் தாத்தாவின் டிராக்கில் வைத்தால், இரண்டு பக்கமும் ஒரே முனை. அது நகரவே நகராது.

மெக்கானோவே 1959-ல் இரண்டு தண்டவாள முறைக்கு மாற ஆரம்பித்தது. 1964-ல் அந்தக் கம்பெனியை, டிரையாங் ரயில்கள் செய்துகொண்டிருந்த லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கிவிட்டார்கள். அப்புறம் மூணு தண்டவாள டப்ளோ போயே போச்சு. தாத்தா வாங்கின சமயத்திலேயே அது பழசாகிக்கொண்டிருந்த சாமான். குறைந்த விலைக்குக் கிடைத்திருக்கும் என்பது அம்மாவின் ஊகம். "உங்க தாத்தா முழு விலை கொடுத்து எதையுமே வாங்கினதில்ல."

பழைய சக்கரங்களை மாற்றி இரண்டு தண்டவாளத்துக்குத் தகுந்த மாதிரி செய்ய முடியும். சிலர் செய்கிறார்கள். மாமா இதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். எனக்கும் அதில் இஷ்டமில்லை. ஆக, முதல் முடிவு: இரண்டு தனி வளையம். இரண்டும் எங்கேயும் ஒன்றையொன்று தொடாது.

ஷாக் அடிக்குமா?

சின்ன வயசில் அம்மா இந்த ரயிலைத் தொட்டதே இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜை அன்றைக்குத்தான் தாத்தா அதை வெளியே எடுப்பார். டிரான்ஸ்ஃபார்மருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார். பிள்ளைகள் இரண்டடி தள்ளி உட்காரணும். கடைசி ரவுண்டுக்கு மாமாவைக் கூப்பிட்டுக் கைப்பிடியைத் திருப்பச் சொல்வார். அம்மா கேட்டால், "பொம்பளப் புள்ள வேண்டாம், ஷாக் அடிச்சிடும்."

அம்மாவுக்கு இப்போ 63 வயசு. இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

தாத்தா சொன்னதில் உண்மை எவ்வளவு? தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் டிசி. அதைக் கையால் தொட்டால் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் அதில் வித்தியாசம் கிடையாது. ஆனால் சுவரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவது 230 வோல்ட். ஆபத்து அங்கேதான். அறுபது வருஷம் ஆன ரப்பர் வயரை நான் லேசாக வளைத்தேன். ரப்பர் முறுக்கு மாதிரி நொறுங்கி, உள்ளே செம்பு தெரிந்தது.

அதனால் பழைய டிரான்ஸ்ஃபார்மரை எந்தக் காரணத்துக்காகவும் பிளக்கில் செருகாதீர்கள். "சும்மா வேலை செய்யுதான்னு பார்க்கலாம்" என்பதும் வேண்டாம். அது ஷோகேஸுக்குப் போகட்டும். இன்றைய 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் ஒன்று போதும். ஒரு வயர் நடுத் தண்டவாளத்துக்கு, இன்னொரு வயர் ஓரத் தண்டவாளத்துக்கு. ஷார்ட் ஆனால் தானாக நிற்கிற மாதிரி வாங்குங்கள். பழைய மோட்டார் புதுசை விட அதிகமாக மின்சாரம் இழுக்கும், ஒரு ஆம்பியராவது தரக்கூடியதாக இருக்கட்டும். டிஜிட்டல் கன்ட்ரோல் முறையோடு பழைய இன்ஜினைச் சேர்க்காதீர்கள். இரண்டு வளையத்துக்கும் தனித்தனி கன்ட்ரோலர்.

தூங்கின இன்ஜினை எழுப்புவது

இன்ஜினைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது உடம்பு. இந்த இன்ஜின்களின் கூடு துத்தநாகக் கலவையில் வார்த்தது. அந்தக் காலத்து வார்ப்பில் ஈயம் மாதிரி அசுத்தம் கலந்திருந்தால், வருஷங்கள் போகப்போக உலோகமே உள்ளுக்குள் வெடித்து, வீங்கி, உதிரும். அதற்கு மருந்து கிடையாது. மெல்லிய கோடுகள், வளைந்துபோன ஓரம் இருக்கா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் இரண்டு இன்ஜினும் தப்பித்தன.

அடுத்தது பழைய எண்ணெய். அது கோந்து மாதிரி இறுகிப்போயிருக்கும். இந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுற்ற முடியாமல் சூடாகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பல்சக்கரங்களையும் அச்சுகளையும் துடைத்தேன். பெயின்ட் மேல் படக்கூடாது. பிறகு அச்சு சுழலும் இடங்களில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ஊசி முனையில் எடுத்து வைத்தால் போதும். கார்பன் பிரஷ் உரசும் செம்பு வட்டத்தில் எண்ணெய் படவே கூடாது.

மோட்டாரின் காந்தத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலக் காந்தத்தை அப்படியே வெளியே எடுத்தால் பலம் குறைந்துவிடும். அப்புறம் இன்ஜின் மூச்சு வாங்கும்.

தண்டவாளத்துக்கு உப்புத்தாள் வேண்டாம், கீறல் விழுந்தால் அழுக்கு அதிலேயே போய் உட்காரும். ஆல்கஹால் தொட்ட துணி போதும். டப்ளோ டிராக்கின் அடித்தளம் தகரம். சென்னைக் காற்றில் தகரம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். துரு அரித்த துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தோம். மீதியை சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடி போட்ட டப்பாவில் வைக்கிறோம்.

டேங்க் இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்து, நடுத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் வயரைத் தொட்டபோது முதலில் ஒரு முனகல். அப்புறம் சக்கரம் சுற்றியது. அறை முழுக்க சூடான எண்ணெய் வாசனை. அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றார். "இந்த வாசனைதான்" என்றார்.

அம்மாவின் முழங்கால், அக்கா பொண்ணின் கை

இப்போ அளவு. எங்கள் வீடு இரண்டு பெட்ரூம் ஃபிளாட். ஹாலில் நிரந்தரமாக எதையும் வைக்க முடியாது. தரையில் போடலாமே என்றால், அம்மா முழங்கால் வலியோடு கீழே உட்கார முடியாது. ஆக, உயரம் டைனிங் டேபிள் உயரம். நாற்காலியில் உட்கார்ந்தபடி கன்ட்ரோலர் கைக்கு எட்டணும்.

டப்ளோவின் சாதாரண வளைவு 15 அங்குல ஆரம். அதாவது ஒரு முழு வட்டத்துக்கு விட்டமே 30 அங்குலம், ரயிலின் அகலத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட மூணடி. இதற்குக் கீழே பலகையைக் குறைக்க முடியாது. இது சாமான் சொல்லும் விதி. கவிழ்ந்த ரயிலை எட்டி எடுக்கணும் என்றால் எந்த இடமும் ஓரத்திலிருந்து இரண்டு, இரண்டரை அடிக்கு மேல் போகக்கூடாது. இது கை சொல்லும் விதி. இரண்டு பக்கமும் ஆள் நிற்க முடிந்தால் நாலடி அகலம் வரை போகலாம்.

நம்ம ஊரில் பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி. பாருங்கள், விதிகள் எல்லாம் சேர்ந்து ஷீட்டின் அளவிலேயே வந்து நின்றது. தண்ணீர் தாங்கும் ரகத்தில் 12 மி.மீ. ஷீட் ஒன்று வாங்கி, நாலுக்கு நாலாக இரண்டாக அறுத்தோம். ஒரு பாதி சுமார் 11 கிலோ, அடியில் மரச்சட்டம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதை நானும் அக்காவும் சேர்ந்து தூக்கலாம். முழு ஷீட்டைத் தூக்க முடியாது. இரண்டு பாதியையும் போல்ட் போட்டு டைனிங் டேபிள் மேல் சேர்ப்போம். முடிந்ததும் பீரோவுக்குப் பின்னால் நிறுத்திவிடுவோம்.

ஒன்று மறக்காதீர்கள்: சுற்றிலும் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு விளிம்பு அடியுங்கள். டைனிங் டேபிள் உயரத்திலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்தால், வார்ப்பு இன்ஜின் உடைந்தே போகும். ஒட்ட வைக்க முடியாது.

இரண்டு வலக்கை பாய்ண்ட்

கடைசியாகத்தான் வரைபடம். பழைய தினசரிக் காலண்டர் தாள்களைப் பலகை மேல் ஒட்டி, பென்சிலில் வரைந்தோம். கம்ப்யூட்டரை விட இது நல்லது, எல்லாரும் சுற்றி நின்று விரல் வைத்துக் காட்டலாம்.

வெளி வளையம் அக்கா பொண்ணின் புது ரயிலுக்கு, 505 மி.மீ. ஆர வளைவுகளில். உள் வளையம் தாத்தாவுடையது, 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. நடுவில் நல்ல இடைவெளி. நீளமான கோச் வளைவில் வெளியே துருத்தினாலும் இடிக்காது.

பாய்ண்ட் இரண்டையும் எங்கே போடுவது? இரண்டுமே வலக்கை பாய்ண்ட். ஒரு ஸ்டேஷன் லைனைப் பிரித்து மறுபடி சேர்க்க வலது ஒன்று, இடது ஒன்று வேண்டும். இரண்டு வலதை வைத்து என்ன செய்வது? மாமாவிடம் கேட்டால், "அப்பா அதை ஒரு நாளும் மாட்டினதில்லம்மா. பெட்டியிலேயேதான் இருந்துச்சு" என்றார்.

வளையத்துக்குள் குறுக்காக ஒரு பாதை வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மேல் நேர்ப்பாதையில் பிரிந்து, குறுக்கே வந்து, கீழ் நேர்ப்பாதையில் சேரும் பாதை. இரண்டு முனையிலும் ஒரே கைப் பாய்ண்ட்தான் வரும். ரயில் அதில் போனால் வளையத்தில் எதிர்த்திசையில் ஓட ஆரம்பிக்கும். முழு ரயிலும் திரும்பிவிடும், யாரும் கையால் தூக்கி வைக்க வேண்டாம்.

இன்றைய இரண்டு தண்டவாள முறையில் இது பெரிய தலைவலி. ரயில் திரும்பும்போது இடது தண்டவாளம் போய் வலதோடு சேரும். உடனே ஷார்ட். அதற்குத் தனி ஸ்விட்ச், தனி வயரிங் வேண்டும். மூணு தண்டவாளத்தில் அந்தத் தொல்லையே இல்லை. நடுத் தண்டவாளம் எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாலும் நடுவில்தான் இருக்கும். பழசு என்று ஒதுக்கிய முறை, ஒரு விஷயத்தைப் புதுசை விடச் சுலபமாகச் செய்கிறது. தாத்தா அதற்காகத்தான் இரண்டு வலக்கை பாய்ண்ட் வாங்கியிருப்பார் என்று நான் நம்புகிறேன். மாட்ட இடமோ நேரமோ கிடைக்கவில்லை.

ஒரு குறை சொல்லிவிடுகிறேன். ஒரே குறுக்குப் பாதை இருந்தால், பழைய திசைக்கு வர ரயிலைப் பின்னோக்கி அதே வழியில் எடுக்கணும். எங்களுக்கு அது பரவாயில்லை. பலகைகள் சேரும் கோட்டைப் பாதைகள் ஐந்து இடத்தில் தாண்டுகின்றன. அந்தத் துண்டுகளை மட்டும் நிரந்தரமாக அடிக்காமல், எடுத்து மாட்டுகிற மாதிரி விட்டிருக்கிறோம்.

ஆயுத பூஜை

டச்சஸ் விஷயத்தில் மாமா சொன்னதிலும் நியாயம் இருக்கு. பெட்டியோடு, பெயின்ட் போகாமல் இருக்கும் பழைய இன்ஜினுக்குத்தான் விலை. ஓட்ட ஓட்டத் தேயும். மறுபடி பெயின்ட் அடித்தால் விலை இன்னும் போகும். அதனால் டச்சஸ் அப்படியே மாமாவிடம். கறுப்பு டேங்க் இன்ஜின் எங்களிடம். அதற்கும் புதுப் பெயின்ட் கிடையாது. விற்பதா வேண்டாமா என்று அடுத்த வருஷம் பேசிக்கொள்வதாக ஒப்பந்தம்.

இந்த ஆயுத பூஜைக்கு மாமா வந்தார். புது கன்ட்ரோலருக்குச் சந்தனம், குங்குமம் அவரே வைத்தார். அக்கா பொண்ணு வெளி வளையத்தில் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தாள். உள் வளையத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மா உட்கார்ந்தார்.

"மெதுவா திருப்பு" என்றார் மாமா.

அம்மா முழுசாகத் திருப்பினார். டேங்க் இன்ஜின் நேர்ப்பாதையில் பாய்ந்து, வளைவில் தடம் புரண்டு, இரண்டு வேகனோடு விளிம்பில் போய் மோதி நின்றது. யாரும் பேசவில்லை. மாமாதான் முதலில் எட்டி எடுத்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"அப்பா ஒரு நாள்கூட இவ்ளோ வேகமா விட்டதில்ல" என்றார்.

"தெரியும்ண்ணா" என்றார் அம்மா. "வைங்க, இன்னொரு ரவுண்டு."

மாமா இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தார். பிறகு குறுக்குப் பாதையின் பாய்ண்டைப் பிடித்துக்கொண்டு, எப்போ திருப்பணும் என்று கேட்டார்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கு என்று எழுதுங்கள். அந்தப் பழைய பிளக்கை மட்டும் சுவரில் செருகாதீர்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.